நகராத பட்டை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பனியன் துணி பின்னுகிற நிட்டிங் மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. வாரம் முழுக்க அந்த இரைச்சலுக்குள் பிழைக்கிறவர்களுக்கு, அது நின்றுபோன ஷெட் கொஞ்சம் வேற்றிடம் போல இருக்கும். ஃபேன் சுற்றுகிற சத்தம்கூடத் தனியாகக் கேட்கும்.

நான் டீயோடு உள்ளே போனபோது என் வீட்டுக்காரர் ஷெட்டின் நடுவில் நின்று காற்றோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. பின்மண்டையிலிருந்து ஒரு வயர் தொங்கித் தரையில் நெளிந்து போனது. லுங்கியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். வலது கையை வீசினார், உதட்டில் சிரிப்பு. மறுபடி வீசினார், மறுபடி சிரிப்பு. பிறகு இடது பக்கம் ஒரு வீச்சு வீசிவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"மறுபடி எடது பக்கந்தான். பந்து வர்றதே தெரியறதில்ல. இந்தக் கண்ணாடியில என்னமோ கோளாறு இருக்குது சுகுணா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தப் பெட்டிக்காக வாங்கியவற்றில் ஒவ்வொன்றாகக் குறை சொல்லி மாற்றி மாற்றி, இனி மாற்றுவதற்கு எதுவும் பாக்கி இல்லை என்று நான் நிம்மதியாக இருந்த நாள் அது.

கூட என்ன வாங்கணும்?

நாங்கள் முதன்முதலில் ஒரு பழைய நிட்டிங் மெஷின் வாங்கிய கதையைச் சென்ற வாரம் சொல்லியிருந்தேன். விற்றவர், கரண்ட் கொடுத்தால் துணி வரும் என்று சொல்லித்தான் விற்றார். கரண்ட் கொடுப்பதற்கு முன்னால் தரைக்குக் கான்கிரீட் போட வேண்டியிருந்தது. காற்றுக்குக் கம்ப்ரசர் வேண்டியிருந்தது. ஊசிகள் தேய்ந்திருந்ததால் ஒரு செட் ஊசி. மெஷின் வந்து நின்ற பிறகு அதிலிருந்து துணி வருவதற்குள் ஒரு மழைக்காலமே போய்விட்டது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். எதை வாங்கப் போனாலும் விலையைக் கேட்பதற்கு முன்பே, "இதுக்குக் கூட என்னென்ன வாங்கணுமுங்க?" என்று கேட்டுவிடுவேன். ஃப்ரிட்ஜ் கடையில் கேட்டிருக்கிறேன், கட்டில் கடையில் கேட்டிருக்கிறேன். சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன வீட்டில் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். என் நாத்தனார் இன்று வரைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. கல்யாணத்துக்கு முன்பு நான் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், துணியின் ஓரம் பிரியாமல் தைக்கிறவள். யார் பெரிய தொகை சொன்னாலும் என் மனசு அதை ஓவர்லாக் மெஷினாக மாற்றிக்கொள்ளும். மகளின் காலேஜ் ஃபீஸ் இரண்டு ஓவர்லாக். வீட்டுக்காரரின் முழங்கால் வைத்தியம் அரை ஓவர்லாக், அதுவும் பலனில்லாத அரை. ரூபாயில் சொன்னால் எனக்குப் பயம் வராது. மெஷினில் சொன்னால்தான் வரும்.

மேஜை இல்லாத ஆட்டம்

வீட்டுக்காரர் பெயர் வேலுச்சாமி. ஐம்பதை நெருங்குகிறவர். முதலிபாளையம் பக்கம் இருக்கிற எங்கள் ஷெட்டில் மெக்கானிக், முதலாளி, துணி ரோலைத் தூக்கி வண்டியில் போடுகிற ஆள் எல்லாம் அவர்தான். பில், வரி, வசூல், சண்டை எல்லாம் என் பொறுப்பு.

அவருக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தது ஒரு மெஷின் கண்காட்சியில். ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் மெஷினைக் கொண்டுவந்து இறக்காமல் வி.ஆர். என்கிற ஒரு பெட்டியை மட்டும் வைத்திருந்தார்களாம். அதைத் தலையில் மாட்டிக்கொண்டால் மெஷினுக்கு உள்ளேயே போய் நிற்கலாம். ஊசி ஒவ்வொன்றும் கரண்ட் கம்ப உயரத்துக்கு எழும்பி இறங்குமாம். மற்றவர்கள் வேகத்தையும் உற்பத்தியையும் விசாரித்துக்கொண்டிருக்க, இவர் கேட்டது, இதில் விளையாட முடியுமா என்று. ஸ்டாலில் நின்ற பெண் சிரித்துக்கொண்டே, டேபிள் டென்னிஸ்கூட ஆடலாம் என்றிருக்கிறாள்.

அவள் வேறு எந்த விளையாட்டின் பெயரைச் சொல்லியிருந்தாலும் நாங்கள் தப்பித்திருப்போம். ஐ.டி.ஐ. விடுதியில் இவர் டேபிள் டென்னிஸ் ராஜா. அதிலும் பேக்ஹேண்ட், அதாவது இடது பக்கம் வரும் பந்தைக் கையைக் குறுக்கே கொண்டுபோய் அடிப்பது, அதற்குத்தான் பேர் பெற்றவர். கல்யாணமான புதிதில் எனக்கு அதைச் சப்பாத்திக் கட்டையால் செய்து காட்டியிருக்கிறார். பிறகு ஷெட், கடன், முழங்கால் வலி என்று வந்ததில் ஆட்டம் நின்றுபோனது.

நான் சும்மா இருக்கவில்லை. நிஜ டேபிள் டென்னிஸ் மேஜை என்ன விலை என்று விசாரித்தேன். அரை ஓவர்லாக் கூட இல்லை. அதை வாங்கிவிடலாமே என்றேன். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். மேஜை போட்டால் ஒரு மெஷின் நிற்கிற இடம் போய்விடும். அது போகட்டும், எதிர்ப்பக்கம் நின்று ஆட யார் வருவார்கள்? பெட்டியை மாட்டினால் ஏதோ ஒரு நாட்டில் யாராவது விழித்திருந்து ஆட வருவார்கள். பந்து பொறுக்கக் குனிய வேண்டியதில்லை, முழங்காலுக்கும் நல்லது.

இத்தனை வருடத்தில் தனக்கென்று அவர் ஆசைப்பட்டுக் கேட்டது அதுதான் முதல். அதனால்தான் சம்மதித்தேன் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். உண்மையில் அந்தப் பெட்டிக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று எனக்கும் குறுகுறுப்பாக இருந்தது.

ரியாஸ் சொன்ன விலை

ரியாஸின் அப்பா கட்டிங் வேஸ்ட், அதாவது வெட்டி மிஞ்சிய துணி வாங்கி விற்கிற வியாபாரி. எங்கள் ஷெட்டுக்கும் வந்து போனவர். ரியாஸ் துணி வியாபாரம் வேண்டாம் என்று டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். எங்கள் பில் போடும் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் எழுப்புவது அவன்தான்.

இதில் இரண்டு ஜாதி உண்டு என்றான். ஒன்று, எல்லாம் தனக்குள்ளேயே வைத்திருப்பது. மாட்டினால் போதும், ஆனால் புதிதாகத்தான் வாங்க வேண்டும். இன்னொன்று, வயர் வைத்தது. அது வெறும் கண்தான், மூளை கம்ப்யூட்டரில் இருக்கும். வயர் வைத்தது ஒன்று கோயம்புத்தூரில் ஒருவர் பயன்படுத்தியது பாதி விலைக்கு வருகிறது என்றான். பழைய மெஷின் வாங்கிச் சரிசெய்து ஓட்டியே முன்னுக்கு வந்த மனிதரிடம் இப்படிச் சொன்னால் அவர் எதைப் பிடிப்பார் என்று ரியாஸுக்கும் தெரியும்.

நான் என் கேள்வியைக் கேட்டேன். கூட என்ன வாங்கணும்?

"நீங்க கேக்கலீன்னா ஒண்ணொண்ணாச் சொல்லிக்கலாமுன்னு இருந்தேனுங்க அக்கா. கேட்டுட்டீங்க, மொத்தமாச் சொல்லிப்போடறேன்" என்றான்.

சொன்னான். எங்கள் பில் கம்ப்யூட்டர் இதற்கு ஆகாது. படத்தை வேகமாக வரைந்து தள்ள ஒரு கிராபிக்ஸ் கார்டு வேண்டும். அந்தக் கார்டு கரண்டை அதிகம் குடிக்கும், அதற்குப் பெரிய பவர் சப்ளை வேண்டும். கார்டு சூடாகும், அதற்குத் தனி ஃபேன். எங்கள் பக்கத்துக் கரண்டை நம்ப முடியாது, அதற்கு யு.பி.எஸ். ஆள் எங்கே நிற்கிறார் என்று பெட்டிக்குச் சொல்ல, சுவரில் இரண்டு மூலையில் இரண்டு சின்ன டப்பா. இதெல்லாம் போக, கை வீச இடம்.

மனசுக்குள் மாற்றிப் பார்த்தேன். பெட்டி ஒரு பழைய ஓவர்லாக். அதற்கு உயிர் கொடுக்கிற கம்ப்யூட்டர் இரண்டு புது ஓவர்லாக். எங்கள் முதல் நிட்டிங் மெஷின் கதைதான் மறுபடியும்.

ஏன் இத்தனை பெரிய கார்டு, டி.வி. சாதாரணமாக ஓடவில்லையா என்று கேட்டேன். ரியாஸ் பெட்டியைத் திருப்பி உள்ளே இருந்த இரண்டு கண்ணாடிகளைக் காட்டினான். டி.வி.க்கு ஒரு படம் போதும். இதற்கு இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்குக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்த மாதிரி இன்னொரு படம். இரண்டையும் ஒரே நேரத்தில் வரைய வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிக்கொள்வது நம் தலையின் வேலை, அதற்கு மட்டும் காசில்லை என்றான். எனக்கு அது பிடித்திருந்தது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஒரு கண்ணை மூடி மூடித் திறந்து, கம்பங்கள் இப்படி அப்படி நகர்வதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பஞ்சும் நடுக்கமும்

வீட்டில் இடமில்லாததால் பெட்டியை ஷெட்டில் வைத்தோம். அங்கேதான் ரியாஸ் சொல்லாத செலவுகள் தொடங்கின. அவனைக் குறை சொல்ல முடியாது. நிட்டிங் ஷெட்டுக்குள் இதைக் கொண்டுவந்து வைத்தவர்கள் அவனுக்குத் தெரிந்து யாருமில்லை.

முதல் நாள் சாயந்தரம், பக்கத்தில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்க, ஆசையாக மாட்டிப் பார்த்தார். உலகமே நடுங்குகிறது என்றார். மேஜை நடுங்குகிறது, பந்து நடுங்குகிறது. காரணம் கண்டுபிடிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. மெஷின் ஓட்டத்தில் சுவர் அதிர்கிறது, சுவரோடு அந்த டப்பாக்களும் அதிர்கின்றன. சுவரை விட்டுவிட்டு, காலி பெயின்ட் டப்பாக்களில் கான்கிரீட் போட்டு இரும்புக் குழாயை நட்டு, அதன் தலையில் மாட்டினார். நடுக்கம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஆட்டம் என்று ஆனது.

அடுத்தது பஞ்சு. காட்டன் ஓடுகிற ஷெட்டில் பஞ்சு பறப்பதை யாரும் கண்டுகொள்வதில்லை. கம்ப்யூட்டரின் ஃபேன் கண்டுகொண்டது. சில வாரங்களில் உள்ளே மெத்தை தைக்கிற அளவுக்குப் பஞ்சு சேர்ந்து, கார்டு சூடாகி அணைந்துபோனது. ஒரு பழைய பனியன் துணியை ஃபேனுக்கு முகமூடியாகக் கட்டினார்.

எங்களிடம் மெஷின் ஓட்டுகிற ஜெபா தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். கண்ணாடியைச் சுற்றி முகத்தில் படுகிற ஸ்பாஞ்சு வியர்வையில் நாறுகிறது என்று, கழற்றித் துவைக்கிற மாதிரி ரிப் துணியில் உறை தைத்துக்கொடுத்தாள். கூலியாக ஞாயிறு சர்ச் முடிந்து வரும்போது ஒரு ஆட்டம் கேட்டாள். முதல் ஆட்டத்திலேயே ஏதோ நாட்டுக்காரரை ஜெயித்துவிட்டு, பெட்டியைக் கழற்றி என்னைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

கடைசியாக இடம். அதுதான் எல்லாவற்றிலும் விலை அதிகம். நூல் மூட்டைகளைக் கூரைக்குக் கீழே இருந்த அட்டாலிக்கு ஏற்றினோம். அப்படியும் இவர் இடது தோளைக் கோன் ஸ்டாண்டில் இடித்துக்கொண்டே இருந்தார். கோன் ஸ்டாண்டு என்பது நூல்கண்டுகளை வரிசையாக மாட்டி வைக்கிற இரும்புச் சட்டம். பெட்டி மாட்டாத நாளிலும் இடித்துக்கொண்டார். ஸ்கூட்டரின் இடது கண்ணாடியையும் கேட்டில் உரசி உடைத்திருந்தார். உங்களுக்கு நினைப்பெல்லாம் அந்தப் பந்து மேலேதான் என்று நான் திட்டினேன். அவர் கோன் ஸ்டாண்டைத் தள்ளிப் போட்டார்.

கோளாறு எங்கே?

வலது பக்கம் வரும் பந்தையெல்லாம் அடித்தார். இடது பக்கம் வருவது, அவருடைய பேர் பெற்ற பேக்ஹேண்டுக்கு வருவது, ஒன்றுகூடச் சிக்கவில்லை. பந்து திடீரென்று முளைக்கிறது, பார்ப்பதற்குள் போய்விடுகிறது என்றார்.

துணியில் குறை விழுந்தால் எங்கள் தொழிலில் என்ன செய்வோமோ அதையே செய்தார். ஒவ்வொரு பாகமாக மாற்றுவது. வயரை மாற்றினார். குழாய்களின் இடத்தை மாற்றினார். லைட்டை மாற்றினார். ரியாஸிடம் சண்டை போட்டுக் கார்டைக்கூட மாற்றினார். கார்டு மாறியதில் அரை ஓவர்லாக் போனது, பந்து மட்டும் அப்படியே இருந்தது.

கண்ணாடிகளைச் சரிசெய்ய ஒரு திருகு இருக்கிறது, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்துத் திருகுங்கள் என்று ரியாஸ் போனில் சொன்னான். அப்படி வலது கண்ணை மூடிப் பார்த்தபோதுதான் இவர் பிடித்துவிட்டார். இடது கண்ணாடியில் நடுவில் மட்டும் கொஞ்சம் படம் தெரிகிறது, சுற்றிலும் மங்கல். கோயம்புத்தூர்க்காரர் பழுதான சாமானைத் தலையில் கட்டிவிட்டார் என்று முடிவு செய்தார்.

ஜெபாவைக் கூப்பிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னேன். அவள் நிதானமாக இரண்டு பக்கமும் பார்த்தாள். "எக்கா, ரெண்டும் ஒண்ணு போலத்தான இருக்கு. அண்ணாச்சி எதச் சொல்லுதாவ?" என்றாள். ரியாஸும் கடையை விட்டு வந்து பார்த்தான். அவனுக்கும் இரண்டும் ஒன்று போலத்தான் தெரிந்தன. இவர் கேட்கவில்லை. உங்களுக்கெல்லாம் குறை பார்க்கத் தெரியவில்லை என்றார்.

இதைப் படிக்கிறவர்கள் கேட்பீர்கள், வலது கண்ணை மூடிக்கொண்டு வெறுமனே ஷெட்டைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே என்று. பின்னால் என் மகளும் அதைத்தான் கேட்டாள். ஓடுகிற துணியில் ஒற்றை ஊசி தேய்ந்திருந்தால்கூட இந்த மனிதர் தூரத்தில் நின்று சொல்லிவிடுவார். எங்கள் தொழிலில் குறை என்பது மெஷினில் இருக்கும், நூலில் இருக்கும். அதைப் பார்க்கிற கண்ணில் இருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றவில்லை.

கோனை மாற்றுவது

பின்னிய துணியில் சில சமயம் குறுக்கே ஒரு பட்டை விழும். மற்ற இடத்தை விடக் கொஞ்சம் மங்கலாகவோ அழுத்தமாகவோ ஒரு கோடு. சாயம் போட்டால் ஊருக்கே தெரியும். அது நூலால் வந்ததா, மெஷினால் வந்ததா என்பது எங்கள் ஊரில் தினமும் நடக்கிற வழக்கு. நாங்கள் நூல் என்போம், நூல் கொடுத்த மில்லுக்காரர்கள் மெஷின் என்பார்கள்.

வழக்கைத் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. சந்தேகப்படுகிற கோனை எடுத்து வேறு இடத்தில் மாட்டி, அங்கிருந்த கோனை இங்கே மாட்டி ஓட்டுவது. பட்டை கோனோடு கூடவே நகர்ந்து போனால் குறை நூலில். பட்டை நகராமல் அதே இடத்தில் விழுந்தால் குறை மெஷினில். இதற்கு மேல் யாரும் வாதாட முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை டீ டம்ளரோடு நான் நின்றது இந்தக் கோபத்தில்தான். மறுபடியும் கண்ணாடியில் கோளாறு என்கிறார். அடுத்தது புதுப் பெட்டி கேட்பார்.

"ஏனுங்க, ஊருக்கெல்லாம் கோனை மாத்திப் பாருன்னு சொல்றீங்கல்ல. அந்தக் கண்ணாடியையும் மாத்திப் பாத்துருங்க, இன்னைக்கே தீத்துக்கலாம்" என்றேன்.

எரிச்சலில் சொன்னதுதான். இரண்டு கண்ணாடியையும் எப்படி இடம் மாற்றுவது என்று நான் யோசிக்கவில்லை. அவர் யோசித்தார். பெட்டியைக் கழற்றினார், பெல்ட்டை ஒதுக்கினார், பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டார். இடது கண்ணாடி இப்போது வலது கண்ணுக்கு முன்னால். மூக்குக்கு விட்ட பள்ளம் நெற்றிக்குப் போய்விட்டதால் மூக்கு நசுங்கி, பார்க்கச் சிரிப்பாக இருந்தது. நான் சிரித்தேன்.

படமும் தலைகீழாகத் தெரியும் என்று நினைத்தேன். இல்லை, நிமிர்ந்தே நின்றதாம். பெட்டி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அந்த டப்பாக்களை வைத்துக் கணக்குப் பார்த்து அதற்கேற்ப வரையும் என்று ரியாஸ் பிறகு சொன்னான். அது தெரியாமல்தான் நான், என்ன, உலகம் கவுந்து போச்சுங்களா என்று கேலி செய்துகொண்டிருந்தேன்.

அவர் ஒரு கண்ணை மூடினார். பிறகு மற்றதை. மறுபடி முதல் கண்ணை. இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"பட்ட நகரல சுகுணா" என்றார்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அவருக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடி இடம் மாறியும் மங்கல் இடது கண்ணிலேயே இருந்தது. பெட்டியைக் கீழே வைத்தார். வலது உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு நேராகப் பார்த்தார்.

"நீ எங்க நிக்கற?" என்று கேட்டார்.

அவருக்கு இடது பக்கத்தில், கை எட்டுகிற தூரத்தில், டீ டம்ளரோடு நான் நின்றிருந்தேன்.

சொட்டு மருந்து

மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கூட்டரை நான் ஓட்டினேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் எனக்குப் பின்னால் உட்கார்ந்தது அன்றுதான். இந்த மனிதருக்குப் பார்வை போய்விட்டால் என்ன செய்வோம் என்று நினைத்தேன். ஷெட்டைப் பற்றி நினைக்கவே இல்லை, அவர் காலையில் எழுந்து சட்டை எங்கே என்று தேடுவாரே, அதை நினைத்தேன்.

டாக்டர் பெண். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றிருக்கிறது, குளுக்கோமா என்று பெயர் என்றார். வலி இருக்காது, ஓரத்திலிருந்து மெதுவாகக் குறைத்துக்கொண்டே வரும். ஒரு கண் விட்டதை மற்றக் கண் ஈடுகட்டிக்கொண்டே இருப்பதால் பலருக்குத் தெரிவதே இல்லையாம். இடது கண்ணில் போனது போனதுதான், திரும்பாது. வலது கண்ணிலும் தொடங்கியிருக்கிறது. அதைக் காப்பாற்றிவிடலாம், ஆனால் தினமும் சொட்டு மருந்து விட வேண்டும், ஒரு நாளும் தவறக் கூடாது என்றார்.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். இவர் கோனை மாற்றிய கதையைச் சொன்னார். டாக்டருக்குக் கோன், பட்டை எதுவும் தெரியவில்லை. பெட்டியைத் தலைகீழாகப் பிடித்தது மட்டும் புரிந்தது. சிரித்துவிட்டு, அந்தப் பெட்டியை நம்பி யாரும் கண்ணைச் சோதிக்க வேண்டாம், நாற்பது தாண்டியவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை இங்கே வந்து அழுத்தம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார். சொல்லிவிட்டேன்.

நான் என் கேள்வியைக் கேட்டேன், மருந்துக்குக் கூட என்ன வாங்கணும் என்று. ஒன்றும் வேண்டாம் என்றார் டாக்டர். எதையாவது வாங்கப் போய் எனக்கு அப்படிப் பதில் கிடைத்தது அந்த ஒரு தடவைதான்.

ரியாஸ் செய்தி கேட்டு வீட்டுக்கு வந்தான். கார்டைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். பெட்டியையும் வேறு ஆளுக்கு விற்றுத் தருவதாகச் சொன்னான். வேண்டாம் என்றேன். அவனுக்கு ஊத்துக்குளி வெண்ணெய் ஒரு டப்பா கொடுத்து அனுப்பினேன். ஏன் கொடுக்கிறேன் என்று அவனுக்குத் தெரியவில்லை.

சில மாதங்கள் அவர் பெட்டியைத் தொடவே இல்லை. ஜெபா தைத்த உறையோடு அது அலமாரியில் கிடந்தது. காலையிலும் ராத்திரியிலும் நான் மருந்து விடுவேன். மேலே பாருங்க என்பேன், பார்ப்பார். மருந்து விட்டு முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார். அவர் என்ன நினைக்கிறார் என்று நான் கேட்டதில்லை.

போன மாதப் பரிசோதனையில் வலது கண் அப்படியே நிற்கிறது, அழுத்தமும் இறங்கியிருக்கிறது என்றார் டாக்டர். இடது பக்கம் தெரியவில்லை என்றால் தலையைத் திருப்பிப் பார்க்கப் பழக வேண்டும் என்றும் சொன்னார். கொஞ்ச நேரம் விளையாடலாமா என்று இவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். தாராளமாக என்றார்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரிலிருந்த பஞ்சை ஊதிவிட்டு, பெட்டியை மாட்டிக்கொண்டு நின்றார். நான் ஒரு பிளாஸ்டிக் சேரை இழுத்து அவருடைய இடது பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். பெட்டிக்குள் அவர் பார்ப்பது கம்ப்யூட்டர் திரையில் எனக்கும் தெரியும். பச்சை மேஜை, வெள்ளைப் பந்து, எதிரே யாரோ ஒருவரின் மிதக்கும் மட்டை.

முதல் பந்து வலது பக்கம் வந்தது, அடித்தார். அடுத்தது இடது பக்கம், போய்விட்டது. கையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். நான் சேரைத் திரைப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.

எதிராளி மறுபடி பந்தைத் தூக்கிப் போட்டான். மட்டை திரும்புகிற விதத்திலேயே அது எந்தப் பக்கம் வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"எடது" என்றேன்.

அவர் தலை திரும்பியது. கை குறுக்கே போய் வீசியது. சப்பாத்திக் கட்டையில் நான் பார்த்த அதே வீச்சு. பந்து மேஜையின் மறுமூலையில் விழுந்து ஓடியது.

"விழுந்துச்சா?"

"விழுந்துச்சுங்க."

பிறகு முகத்திலிருந்த பெட்டியைக் கழற்றாமலே இடது கையை நீட்டித் துழாவி, என் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நீ அங்கயே உக்காந்துக்க" என்றார்.